சனிக்கிழமை கொலம்பஸில்: ஒரு டெக்சஸ் ரசிகனிடம் கேட்டவை

ஆகஸ்ட் 30, 2025, நண்பகல். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் நடப்புச் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் சொந்த மைதானத்தில் சந்தித்து டெக்சஸ் பல்கலைக்கழக அணியான லாங்ஹார்ன்ஸ் இந்த சீசனைத் தொடங்குகிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் டெக்சஸ் முதலிடம், ஒஹாயோ ஸ்டேட் மூன்றாமிடம். சீசனுக்கு முந்தைய ஏபி பட்டியலில் டெக்சஸ் முதலிடம் பிடிப்பது இதுவே முதல் முறை. நான் ஆஸ்டினில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன், சனிக்கிழமைகளில் டெக்சஸின் நிறமான பர்ன்ட் ஆரஞ்சு தவிர வேறு நிறம் போடாதவன். அதனால் இந்த வாரம் முழுக்க எனக்குக் கேள்விகள்தான். பதில்களில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள், பொய் இருக்காது.

டாலஸ் நண்பர்: சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஜெயிப்போமா?

ஸ்கோரைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஆட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யார்டுதான் கண்முன் வருகிறது. ஜனவரி 10-ஆம் தேதி இதே ஒஹாயோ ஸ்டேட்டோடு நடந்த காட்டன் பவுலை, அதாவது போன சீசனின் தேசியப் பட்ட அரையிறுதியைச் சொல்கிறேன். அதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு முறை.

நாலாவது குவார்ட்டர். ஒஹாயோ ஸ்டேட் 21, டெக்சஸ் 14. பந்து நம் கையில், கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில், நாலு வாய்ப்புகளோடு. முதல் வாய்ப்பில் நேராக உள்ளே ஓடினோம். ஒரு அங்குலம் நகரவில்லை. இரண்டாவதில் பந்தைப் பக்கவாட்டில் நம் ஓட்டக்காரர் விஸ்னரிடம் வீசினோம்; அவர் மூலை திரும்புவதற்குள் ஏழு யார்டு பின்னால் போய் விழுந்தார். மூன்றாவது, பிடிபடாத பாஸ். நாலாவதில் அவர்களுடைய ஜாக் சாயர், நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) க்வின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே அள்ளிக்கொண்டு 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 28-14. சமன் ஆக வேண்டிய ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அதற்குச் சற்று முன்னால்தான் அவர்களுக்கும் அதே ஒரு யார்டு தேவைப்பட்டது. அவர்கள் ஓட்டக்காரர் க்வின்ஷான் ஜட்கின்ஸ் அதைக் கடந்து உள்ளே விழுந்தார். இரண்டு அணிக்கும் இடையே அன்று இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். சனிக்கிழமை அந்த ஒரு யார்டை நாம் எடுக்க முடிந்தால் ஜெயிப்போம். எடுக்க முடியாவிட்டால் நம் புதுக் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் இருந்தும் பயனில்லை.

கோயம்புத்தூர் மாணவர்: அண்ணா, எனக்கு என்எஃப்எல் கூட சரியா தெரியாது. காலேஜ் பசங்க விளையாட்டுக்கு எதுக்கு இவ்ளோ அலப்பறை? நம்ம ஊர்ல எத்தனை மணிக்கு?

தம்பி, என்எஃப்எல் என்பது தொழில்முறை லீக், இது கல்லூரி அணிகளின் ஆட்டம்; விதி கிட்டத்தட்ட ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் உதைக்கும் உதை ஒரு புள்ளி. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், மூன்று. இது போதும், சனிக்கிழமை சமாளித்துவிடலாம்.

அலப்பறைக்குக் காரணம், அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு அணி இருந்தால் அது கல்லூரி அணிதான். ஒஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம். 1922-இல் கட்டியது, குதிரை லாட வடிவம், அதனால் அதற்கு ஹார்ஸ்ஷூ என்றே பெயர். அப்புறம், "காலேஜ் பசங்க" என்று லேசாக நினைத்துவிடாதே. ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு வருடத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

உங்கள் கடிகாரத்தில் சனிக்கிழமை இரவு 9:30. சாப்பிட்டுவிட்டு உட்கார். முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும்.

ஹூஸ்டன் நண்பர்: ஆஃபென்ஸ் லைன்ல நாலு பேர் போயாச்சே. அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கறாங்க.

பேச வேண்டியதே அதைப் பற்றித்தான். கெல்வின் பேங்க்ஸ், ஹேடன் கானர், ஜேக் மேஜர்ஸ், கேமரன் வில்லியம்ஸ் என்று, நம் ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்து குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஐந்து பேரில் நாலு பேர் இல்லை. பேங்க்ஸ் சாதாரண ஆள் இல்லை. முன்வரிசை வீரர்களுக்கான அவுட்லண்ட் விருது வாங்கியவர், டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஒன்பதாவது ஆளாக நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பவர் டிஜே கேம்பல் மட்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அன்று அந்த ஒரு யார்டில் நம்மை நிறுத்திய ஒஹாயோ ஸ்டேட் முன்வரிசை நாலு பேர், சாயர், டுய்மோலோவாவ், டைலீக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன், நாலு பேருமே என்எஃப்எல் போய்விட்டார்கள். அந்த அணியிலிருந்து மொத்தம் பதினாலு பேரை டிராஃப்டில் எடுத்தார்கள். ஆக, அன்று மோதிய இரண்டு சுவர்களும் இன்று இல்லை. சனிக்கிழமை இரண்டு பக்கமும் புது ஆட்கள்தான் முட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

எனக்கு நம்பிக்கை தரும் ஒரு பெயர் இடது டேக்கிள், அதாவது வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் ட்ரெவர் கூஸ்பி. போன வருடம் எஸ்இசி (நாம் ஆடும் லீக்) இறுதியில் பேங்க்ஸ் காயத்தால் ஆடாதபோது ஜார்ஜியாவுக்கு எதிராக இவரைத்தான் இறக்கினார்கள். நாம் தோற்றோம், ஓவர்டைமில், 22-19. ஆனால் கூஸ்பி தடுமாறவில்லை. நடுவில், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரிலும் அவர் பக்கத்தில் நிற்கும் இடது கார்டிலும்தான் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு யார்டு எடுப்பது அந்த நடு மூன்று பேரின் வேலை.

சான் அன்டோனியோ வாசகி: ஆர்ச் மேனிங் உண்மையிலேயே அவ்ளோ பெரிய ஆளா, இல்ல தாத்தா பேர்ல ஓடுதா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். தாத்தா ஆர்ச்சி, பெரிய சித்தப்பா பேட்டன், சின்ன சித்தப்பா ஈலை. மூவருமே என்எஃப்எல் குவார்ட்டர்பேக்குகள். அந்தச் சித்தப்பாக்கள் வீட்டில் மட்டும் நாலு சூப்பர் பவுல் பட்டம் இருக்கிறது. பையன் பள்ளியில் படிக்கும்போதே டிவிக்காரர்கள் பின்னால் போனார்கள். ஆனால் இதுவரை கல்லூரியில் முதல் ஆளாக இறங்கியது இரண்டே ஆட்டங்களில், இரண்டுமே போன வருடம்: லூசியானா மன்றோவும் மிசிசிப்பி ஸ்டேட்டும். இரண்டும் ஆஸ்டினில், நம் ஆட்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது. 2024 முழுவதும் அவர் வீசியது 90 பாஸ், பிடிபட்டது 61, 939 யார்டு, ஒன்பது டச்டவுன், எதிரணி பிடித்துவிட்ட இன்டர்செப்ஷன் இரண்டு. நல்ல எண்கள்தான். ஆனால் எதிரில் நின்றவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனக்கு அவரிடம் பிடித்தது வீச்சு இல்லை, கால்கள். யூடிஎஸ்ஏவுக்கு எதிராக யூவர்ஸ் காயமடைந்து வெளியே போனதும் உள்ளே வந்து 67 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரே, அது. அதைவிட, காலேஜ் ஸ்டேஷனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராக நாலாவது வாய்ப்பில் இரண்டு யார்டு தேவைப்பட்டபோது 15 யார்டு ஓடி உள்ளே போனாரே, அது. காட்டன் பவுலிலும் ஒரே ஒரு முறை அவரைக் கூப்பிட்டார்கள்: நாலாவது வாய்ப்பு, ஒரு யார்டு. எட்டு யார்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். கடைசியில் கோல் கோட்டில் நின்றபோது அவரை ஏன் கூப்பிடவில்லை என்று ஆஸ்டினில் எட்டு மாதமாகச் சண்டை ஓடுகிறது. இப்போது அந்தக் கேள்வியே இல்லை, அவர் எப்போதும் களத்தில்தான் இருப்பார். யூவர்ஸ் ஓட மாட்டார் என்று எதிரணிகள் தைரியமாக ஒரு ஆளைக் கூடுதலாக உள்ளே தள்ளும். ஆர்ச்சிடம் அது நடக்காது.

ஆனால் பந்து பிடிக்கிறவர்களும் புதிது என்பதை மறக்க வேண்டாம். மேத்யூ கோல்டன் க்ரீன் பே போய்விட்டார், ஐசையா பாண்டும் இல்லை, கன்னர் ஹெல்மும் இல்லை. ரயன் விங்கோ, டியாண்ட்ரே மூர் இருவரும்தான் இனி முதல் ஆட்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) ஜாக் எண்ட்ரீஸ் பெயரை மனதில் வையுங்கள். அவசரத்துக்கு ஆர்ச் தேடப் போவது அவரைத்தான் என்று நினைக்கிறேன்.

கொலம்பஸிலிருந்து ஒரு பக்ஐ (ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்) தமிழர்: ஆர்ச் ஆர்ச்னு கத்தறீங்களே, எங்க ஜெரமையா ஸ்மித்தை யார் பிடிக்கப் போறது? சொல்லுங்க சார் பாப்போம்.

வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். போன சீசனில் உங்கள் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) ஸ்மித் 76 பந்து பிடித்து 1,315 யார்டு, 15 டச்டவுன். முதல் வருடத்துப் பையன்! நோட்ரடாமுக்கு எதிரான இறுதியில், கழுத்துக்கு வந்துவிட்ட நேரத்தில் 56 யார்டு பாஸைப் பிடித்துக் கொடுத்தார். நாட்டிலேயே சிறந்த ரிசீவர் அவர்தான், இதில் எனக்கு வாதமே இல்லை.

ஆனால் நம்மோடு ஆடியபோது எத்தனை பந்து பிடித்தார்? ஒன்று. எத்தனை யார்டு? மூன்று. உங்கள் ஊரில் இதைச் சொல்பவர்கள் குறைவு, அதனால் நான் சொல்கிறேன்.

சரி, கிண்டல் போதும். அன்று அவரைக் கட்டிப்போட்டதில் நம் ஜாடே பேரனுக்கும் பங்கு உண்டு. அவர் இப்போது டென்வரில். இந்த முறை மலிக் முகமது ஒரு பக்கம், மேலே சேஃப்டி (பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர்) மைக்கேல் டாஃப் உதவிக்கு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, பிறகு ஆல்-அமெரிக்கன் ஆனவர் டாஃப். மறுபக்கம் உங்கள் இன்னொரு ரிசீவர் கார்னெல் டேட்டையும் யாராவது பார்க்க வேண்டும், அதுதான் சிக்கல். இருவரை இரட்டை ஆள் போட்டு மறைத்தால் நடுவில் ஓட வழி கிடைத்துவிடும்.

என் கணக்கு வேறு இடத்தில். பந்து ஸ்மித்திடம் போக வேண்டுமென்றால் முதலில் உங்கள் புதுக் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின் அதை வீச வேண்டும். அவர் கல்லூரியில் இதுவரை வீசியது மொத்தம் பன்னிரண்டு பாஸ். ஆகஸ்ட் 18-ஆம் தேதிதான் லிங்கன் கீன்ஹோல்ஸைத் தாண்டி அவர்தான் முதல் ஆள் என்று உங்கள் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே அறிவித்தார். அந்தப் பையனுக்கு எதிரே நம் காலின் சிம்மன்ஸ் ஒரு ஓரத்திலிருந்தும், ஆன்டனி ஹில் நடுவிலிருந்தும் வருவார்கள். சிம்மன்ஸ் முதல் வருடத்திலேயே ஒன்பது சாக் (வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தவர். சேயினுக்கு மூன்று நொடி கிடைத்தால் ஸ்மித் நம்மைக் கொன்றுவிடுவார். இரண்டரை நொடி என்றால் அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார், பந்து வராது.

இன்னொன்று: எங்கள் டிஃபென்ஸ் லைனில் ஹீரோ கானு என்று ஒருவர் இருக்கிறார். போன வருடம் வரை உங்கள் அணியில் ஆடியவர். சனிக்கிழமை பழைய வீட்டுக்கு வருகிறார், விருந்து வையுங்கள்.

அதே கொலம்பஸ்காரர், மறுபடியும்: மூணு யார்டு கதையையே சொல்றீங்க. ஹெண்டர்சன் 75 யார்டு ஓடினது ஞாபகம் இல்லையா?

இருக்கிறது. அதே காட்டன் பவுல், முதல் பாதி முடிய அரை நிமிடம் இருந்தது. வேண்டாம் விடுங்கள்.

ஆஸ்டின் நண்பர்: மேட் பட்ரீஷியாவை நினைச்சு பயப்படணுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் குழம்பத் தயாராக இருக்க வேண்டும். போன வருடம் அவர்கள் டிஃபென்ஸை நடத்திய ஜிம் நோல்ஸ், சாம்பியன் பட்டத்தோடு பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்எஃப்எல்லில் நியூ இங்கிலாந்திலும் டெட்ராய்ட்டிலும் இருந்த மேட் பட்ரீஷியா வந்திருக்கிறார். கல்லூரியில் அவர் டிஃபென்ஸை நடத்திப் பார்த்த வீடியோ எதுவும் நம் ஆட்களிடம் இல்லை. இதுவே இரண்டாவது, மூன்றாவது வாரமாக இருந்தால் நம் தலைமைப் பயிற்சியாளர் ஸார்க்கீஸியன் உட்கார்ந்து அலசியிருப்பார். முதல் ஆட்டம் என்பதால் பழைய என்எஃப்எல் டேப்பைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலே கேலப் டவுன்ஸ் இருக்கிறார். சேஃப்டி. பந்து ஸ்னாப் ஆகும்வரை, அதாவது சென்டர் அதைப் பின்னால் கொடுக்கும்வரை, ஒரு இடத்தில் நிற்பார், ஆனதும் வேறு இடத்தில் இருப்பார். ஆர்ச்சின் இந்த சீசன் முதல் இன்டர்செப்ஷன் வந்தால் அது அவர் கைக்குத்தான் போகும். இதற்கு மருந்து ஒன்றுதான்: முதல் இரண்டு சுற்றில் பெரிய வீச்சு ஆசையை விட்டுவிட்டு விஸ்னரையும் செட்ரிக் பாக்ஸ்டரையும் வைத்து ஓட்டிப் பார்ப்பது. விஸ்னர் போன வருடம் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். பாக்ஸ்டர் முழங்கால் காயத்தால் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். உடம்பு பெரிசு, ஒரு யார்டுக்கு அவர்தான் ஆள்.

டாலஸ் பக்கம் ஒரு பள்ளி அணிப் பயிற்சியாளர்: ஒரு லட்சம் பேர் கத்தினா உண்மையிலேயே என்ன ஆகும்? சத்தம்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படி பாதிக்குதுன்னு யாரும் சொல்றதில்லை.

இந்த வாரம் வந்ததிலேயே நல்ல கேள்வி. சொந்த மைதானத்தில் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்தே ஆட்டத்தைத் தொடங்குவார். எந்த ஒலியில் பந்து கிளம்பும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியாது. அந்த அரை நொடி முன்னறிவுதான் ஆஃபென்ஸ் லைனுக்கு இருக்கும் பெரிய வசதி. குரல் கேட்காவிட்டால் அது பறிபோகிறது.

அப்போது மௌன எண்ணிக்கைக்கு மாறுவார்கள். கார்டு ஒருவர் குனிந்த நிலையில் கால்களுக்கு நடுவே தலையைத் திருப்பிப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியோ கையைக் காட்டியோ சைகை கொடுப்பார். கார்டு உடனே முன்னால் திரும்பி சென்டரின் இடுப்பில் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்துவார், ஒரு தாளம் விட்டு ஸ்னாப். ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்கு இந்தத் தட்டல் தெரியாது. அவர் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டு, எதிரே வருபவனையும் பார்க்க வேண்டும். அந்தத் தாளத்தை எதிரணி பிடித்துவிட்டால் தீர்ந்தது, அவர்களும் பந்தோடு சேர்ந்தே கிளம்புவார்கள். அதனால் சில சமயம் இரண்டு தாளம் விட வேண்டும். அதில் ஒருவர் மறந்து முன்கூட்டியே அசைந்தாலும் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு பின்னால். ஒரு யார்டு தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஆறு.

போன வருடத்திலிருந்து ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்திருக்கிறது. பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கிடம் நேரடியாகப் பேசலாம்; ஆனால் ஸ்னாப் செய்ய வேண்டிய கெடுவைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு டவுன்ஸ் இடம் மாறினால், ஆர்ச் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, ஒரு லட்சம் பேர் கத்தலில் பத்துப் பேருக்குச் சைகையில் சொல்ல வேண்டும். முதலாக இறங்கிய இரண்டு ஆட்டமும் ஆஸ்டினில் என்று சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கும்.

சத்தத்தைக் குறைக்க ஒரே வழி முதல் குவார்ட்டரில் நீண்ட நேரம் பந்தை வைத்துக்கொள்வது. டச்டவுன் கூட வேண்டாம், ஏழு நிமிடம் ஓட்டி ஒரு ஃபீல்ட் கோல் போட்டாலும் போதும், கூட்டம் உட்கார்ந்துவிடும்.

பிளேனோ வாசகி: என் பையன் இந்த வருஷம்தான் டெக்சஸ்ல சேர்ந்தான். ஃப்ரெண்ட்ஸோட கொலம்பஸ் போறேன்னு நிக்கிறான். ஆரஞ்சு சட்டை போட்டு அந்தக் கூட்டத்துல போறது பாதுகாப்பா?

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. கிண்டல் இருக்கும், நம் அணியின் கொம்பு சைகையைத் தலைகீழாகக் காட்டுவார்கள், "ஓ-ஹெச்" என்று ஒருவர் கத்தினால் நாலு பக்கமும் "ஐ-ஓ" என்று பதில் வரும். அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பதிலுக்கு வம்பு பேசாமல் சிரித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். ஜெயித்துவிட்டால் இன்னும் முக்கியம்: ஊர் அடங்கும்வரை ஹை ஸ்ட்ரீட் பக்கம் கொண்டாட வேண்டாம்.

பை எதுவும் எடுத்துப் போக வேண்டாம், வாசலில் தொல்லை. நண்பகல் ஆட்டம் என்பதால் காலை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். சைவம் என்றால் உள்ளே பாப்கார்னும் ப்ரெட்செலும்தான் துணை. தொப்பி அவசியம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கையில் இருக்கச் சொல்லுங்கள். ஒஹாயோ ஸ்டேட் பேண்டு வாத்தியக்காரர்கள் சாய்தளத்தில் இறங்கி மைதானத்துக்குள் வருவதைப் பார்க்க வேண்டும். ஒரே வரிசையாக நடந்தபடியே மைதானத்தில் ஒஹாயோ என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதுவார்கள், 1936-லிருந்து நடக்கிறது. கடைசியில் சூசஃபோன் வாசிக்கும் ஒருவர் மட்டும் துள்ளி நடந்து வந்து 'ஐ' எழுத்தின் மேல் புள்ளியாக நின்று கூட்டத்துக்கு வணங்குவார். எதிரி ஊர்தான், இருந்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

காலையில் இன்னொரு கூட்டமும் இருக்கும். விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன்னின் கேம்டே நிகழ்ச்சி கொலம்பஸில்தான். அதில் 1987-லிருந்து உட்கார்ந்திருக்கும் லீ கோர்சோ, வயது 90, சனிக்கிழமையோடு விடைபெறுகிறார். தான் ஜெயிக்கும் என்று நினைக்கும் அணியின் சின்னத் தலையை மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். அதை 1996-இல் முதன்முதலில் செய்ததும் இதே கொலம்பஸில்தான், ஒஹாயோ ஸ்டேட்டின் ப்ரூட்டஸ் தலையை மாட்டி. இந்த முறை எந்தத் தலை என்று எல்லோருக்கும் தெரியும். அவரை மன்னித்துவிடலாம்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், கல்வெஸ்டன்: 2005-ஐப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்லுங்களேன்.

சந்தோஷமாக. டெக்சஸ் இதற்கு முன் கொலம்பஸில் ஆடியது அந்த ஒரே முறைதான், செப்டம்பர் 10, 2005, இரவு ஆட்டம். நாம் இரண்டாமிடம், அவர்கள் நாலாமிடம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டோம், 22-16 பின்தங்கி. நம் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் இடது ஓரத்தில் லிமஸ் ஸ்வீடுக்கு 24 யார்டு வீச, அவர் சாய்ந்துகொண்டே பிடித்தார். கூடுதல் உதையோடு 23-22. பிறகு அவர்களை அவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி இரண்டு புள்ளி (இதற்கும் சேஃப்டி என்றே பெயர்), 25-22. அந்த சீசன் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும்: யூஎஸ்ஸியை 41-38 வென்று தேசியப் பட்டம். அதன் பிறகு இன்றுவரை டெக்சஸுக்குப் பட்டம் இல்லை, இருபது வருடம்.

மறு வருடம் அவர்கள் ஆஸ்டின் வந்து 24-7 என்று திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கொலம்பஸ்காரர் மூன்றாவது முறை வருவார்.

ரவுண்ட் ராக் நண்பர்: வெளியூர்ல ஸார்க் எப்படி?

2021-இல் வந்து முதல் வருடம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. இன்று அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 2023-இல் அலபாமா போய் 34-24. 2024 செப்டம்பரில் ஆன் ஆர்பர் போய் மிச்சிகனை 31-12. அதுவும் நண்பகல் ஆட்டம், அதுவும் அப்போதைய நடப்புச் சாம்பியன், அதுவும் ஒரு லட்சம் பேர். வெளியூர்ப் பெரிய ஆட்டம் என்றால் ஸார்க்கீஸியன் அணி பதறுவதில்லை. பதறுவது எதிரணி கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போனால்தான். அங்கே அவர் மூளை அதிகமாக வேலை செய்யும். நேராக இடிக்க வேண்டிய இடத்தில் ஒரு வித்தை காட்டுவார். ஏழு யார்டு பின்னால் போன அந்த ஓட்டம் அப்படி வந்ததுதான்.

ஃபிரிஸ்கோ நண்பர்: கிக்கர்?

டெக்சஸ் ஸ்டேட்டிலிருந்து மேசன் ஷிப்லி வந்திருக்கிறார். போன ஜனவரியில் பீச் பவுலில் அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு ஃபீல்ட் கோலை விட்டுவிட்டு இரட்டை ஓவர்டைம் வரை போனோமே, அந்த மாதிரி ஒரு மாலையை என் இதயம் இன்னொரு முறை தாங்காது. ஷிப்லி சரியாக உதைப்பார் என்று நம்புகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது.

ஆஸ்டின் மாணவி: தோத்துட்டா சீசன் முடிஞ்சுதா?

இல்லவே இல்லை. முன்பெல்லாம் நாலே அணிகள்தான் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குப் போகும், ஒரு தோல்வியே கழுத்தில் கயிறு. 2024 முதல் பன்னிரண்டு அணி. போன வருட ஒஹாயோ ஸ்டேட்டையே பாருங்கள்: ஆரகனிடம் ஒரு புள்ளியில் தோல்வி, சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 தோல்வி, ஊரே ரயன் டேயைத் துரத்தச் சொன்னது. இரண்டு மாதத்துக்குள் பிளேஆஃபில் நாலு ஆட்டத்தையும் வென்று கோப்பையோடு வந்தார்.

ஆகஸ்டில் கொலம்பஸில் நெருக்கமாகத் தோற்றால் தேர்வுக் குழு அதை மன்னித்துவிடும். நவம்பர் 15-ஆம் தேதி ஜார்ஜியா போகிறோம், கடைசியில் ஆஸ்டினில் ஏ அண்ட் எம். சீசனை முடிவு செய்வது அவைதான். ஆனால் ஜெயித்தால் ஒரு தோல்விக்கான இடம் கையிருப்பில் இருக்கும். எஸ்இசியில் அது பெரிய சொத்து.

டாலஸ் நண்பர், மறுபடியும்: ஸ்கோர் சொல்றேன்னீங்க.

பந்தயக்காரர்கள் ஒரு ஃபீல்ட் கோல் அளவுக்குள் ஒஹாயோ ஸ்டேட் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். மூளையால் யோசித்தால் அது நியாயமாகத்தான் படுகிறது: சொந்த மைதானம், ஸ்மித், டவுன்ஸ், நம்மிடம் நாலு புதிய முன்வரிசை ஆட்கள்.

எப்படிப் பார்த்தாலும் நிறைய புள்ளி வராது. இரண்டு பக்கமும் புதுக் குவார்ட்டர்பேக், இரண்டு பக்கமும் பயிற்சியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள், இரண்டு டிஃபென்ஸும் ஆஃபென்ஸைவிட ஒரு படி மேலே. முப்பது புள்ளியை யாரும் தொட மாட்டார்கள். மூன்றாவது குவார்ட்டரில் 10-10 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். யாராவது ஒருவர் நாலாவது வாய்ப்பில் கோல் கோட்டுப் பக்கத்தில் நின்று, உதைப்பதா ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டி வரும். அங்கே பந்து ஆர்ச் கையில் இருந்தால், அவரே குனிந்து முட்டிக்கொண்டு உள்ளே போனால், டெக்சஸ் 20, ஒஹாயோ ஸ்டேட் 17. ஸார்க் அங்கேயும் வித்தை காட்டினால் அதே எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் மாணவர்: அண்ணா, நான் எந்த டீமுக்கு சப்போர்ட் பண்றது?

இவ்வளவு நேரம் என்ன படித்தாய் தம்பி? ஆரஞ்சு சட்டை இல்லையென்றால் வெள்ளை போட்டுக்கொள், வெளியூர் ஆட்டத்தில் நம் ஆட்களும் வெள்ளைதான்.